திறக்கும் கூண்டு, திறக்காத கூண்டு

ஓட்டப்பிடாரம்!

கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்புவது இல்லை.

நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒரு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். மாலை 4 மணி. கரிசல் காட்டு வெயில் அப்போதும் தணியவில்லை.

ஒரு பையன் ஓடி வந்தான். பத்து வயது இருக்கும். அவன் கையில் ஒரு ஓலைப்பெட்டி இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து இருந்தான்.

"ஏலே, உள்ள என்னலே வச்சிருக்க?" என்று கேட்டார், டீக்கடைக்காரர்.

"ஆந்தைக் குஞ்சு, அண்ணாச்சி! புளியமரத்துக்கு அடியில கெடந்துச்சு."

எட்டிப் பார்த்தேன். ஒரு கைப்பிடி அளவு உடம்பு. உடம்பில் பாதி கண்ணோ என்று தோன்றியது! மஞ்சள் நிறத்தில் இரண்டு வட்டக் கண்கள். சாம்பல் நிறத் தூவி. எங்களைப் பார்த்ததும் அது தலையை மேலும் கீழும் ஆட்டியது.

கடையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

"ஆந்தை வீட்டுக்கு ஆவாது. கொண்டு போயி காட்டுக்குள்ள போட்டுட்டு வா" என்றார், ஒரு பெரியவர்.

"புதையல் எடுக்கணும்னு அலையுறவனுக இதை நல்ல விலைக்கு வாங்குவானுக" என்றார், இன்னொருவர்.

"அதெல்லாம் பாவம். மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிட்டா அவங்க பாத்துக்கிடுவாங்க" என்றார், மூன்றாவது ஆள்.

மூன்றாவது யோசனை பையனுக்குப் பிடித்து இருந்தது. ஆனாலும் அவனுக்கு ஒரு சந்தேகம்.

"அங்க கொண்டு போயிக் குடுத்தா, பெரிசானதும் வெளிய விட்டுருவாங்களா, அண்ணாச்சி?"

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

சிறையும் மிருகக்காட்சி சாலையும்

இந்தக் கேள்வி வேறு எந்த ஊரில் எழுவதைவிடவும் ஓட்டப்பிடாரத்தில் எழுவது பொருத்தம். ஏன் தெரியுமா?

வ.உ.சி. 1906-ம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்டம் கண்டது. 1908-ல் அவரைக் கைது செய்தார்கள். இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். அது பிறகு குறைக்கப்பட்டது.

அவர் அடைக்கப்பட்ட இடம், கோவை மத்திய சிறை. மாடு இழுக்கும் செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கை இன்றும் சென்னை காந்தி மண்டபத்தில் பார்க்கலாம். 1910-ல் அவரைக் கண்ணனூர் சிறைக்கு மாற்றினார்கள். 1912 டிசம்பரில் விடுதலை செய்தார்கள்.

கோவை நகரம் அவரை மறக்கவில்லை. ஒரு பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தது. அந்தப் பூங்காவில் 1965-ம் ஆண்டு ஒரு சிறிய மிருகக்காட்சி சாலை தொடங்கப்பட்டது. வ.உ.சி. மிருகக்காட்சி சாலை என்று அதற்குப் பெயர். கோவை மாநகராட்சி அதை நடத்தி வந்தது.

ஊரின் நடுவே, நாலரை ஏக்கர் அளவில் அமைந்த இடம் அது. மயில், புள்ளிமான், குரங்கு, முதலை, பாம்பு, கூழைக்கடா எல்லாம் அங்கே இருந்தன. கொங்கு நாட்டில் வளர்ந்த எத்தனையோ பேர் தங்கள் வாழ்நாளில் முதன்முதலில் மானைப் பார்த்தது அங்கேதான். அப்பாவின் தோளில் உட்கார்ந்து முதலையைப் பார்த்த குழந்தைகள், பிறகு தங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

2022 ஜனவரியில் அதற்கு முற்றுப்புள்ளி விழுந்தது. மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம், அதன் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டது. பிராணிகளை வேறு இடங்களுக்குக் கொண்டு போக வேண்டியதாயிற்று.

இடம் போதாது என்பதுதான் முக்கியக் காரணம். ஊருக்கு நடுவே இருந்த தோட்டம் அது. எந்தப் பக்கமும் விரிக்க வழி இல்லை.

விடுதலைக்காகச் சிறை சென்றவரின் பெயரைத் தாங்கிய இடத்தில், கூண்டுகளின் கதவுகள் திறந்தன. 2024-ம் ஆண்டு அங்கே இருந்த புள்ளிமான்களுக்கு உடல்நிலை பரிசோதனை நடந்தது. பிறகு அவற்றை வண்டியில் ஏற்றி, சிறுவாணி மலை அடிவாரக் காட்டில் விட்டார்கள். வேலிக்குள் வாழ்ந்த மான்கள், காட்டுக்குள் ஓடின.

இதைக் கேட்டு, "நல்லது" என்று சொல்லுகிறோம். கூடவே, "குழந்தைகளுக்குக் காட்ட ஒரு இடம் போய்விட்டதே" என்றும் வருத்தப்படுகிறோம். இரண்டும் நியாயம்தான்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. மிருகக்காட்சி சாலைகளுக்கு என்று அதில் தனிப் பிரிவு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. 1992-ல் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் ஏற்பட்டது. அதன் அங்கீகாரம் இல்லாமல் இந்தியாவில் யாரும் மிருகக்காட்சி சாலை நடத்த முடியாது.

அதற்கு முன்பு எப்படி இருந்தது? இரும்புக் கம்பி, சிமெண்டுத் தரை, ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குள் ஒரு பிராணி. அநேக ஊர்களில் இதுதான் காட்சி.

அந்தப் பிராணி என்ன செய்யும்? இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கும். திரும்பத் திரும்ப நடக்கும். "பாருடா, கரடி வாக்கிங் போகிறது" என்று நாம் சிரிப்போம். அது உலாவல் அல்ல. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாத உயிரின் தவிப்பு. கால்நடை வைத்தியர்கள் அதை மன நோயின் அறிகுறி என்பார்கள்.

இன்றைய விதிகள் வேறு. பிராணிக்கு நிழல் வேண்டும். ஒளிந்து கொள்ள மறைவிடம் வேண்டும். கால்நடை டாக்டர் வேண்டும். பிறப்பு, இறப்புக் கணக்கு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பார்வையாளர்களை அனுமதிக்கக் கூடாது. ஆம், பிராணிகளுக்கும் வார விடுமுறை உண்டு!

சிறியது என்றால் மட்டமா?

சிறிய மிருகக்காட்சி சாலை என்றாலே கூடாது என்று அர்த்தம் இல்லை.

வேலூரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. அங்கே 1967-ல் ஒரு சிறிய உயிரியல் பூங்கா ஏற்படுத்தினார்கள். பக்கத்திலேயே காடு. அருவி. சேலத்தில் சேர்வராயன் மலை அடிவாரத்தில் குரும்பப்பட்டி பூங்கா இருக்கிறது. அது 1981-ல் தொடங்கியது.

இங்கே ஒட்டகச்சிவிங்கியைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மான், முள்ளம்பன்றி, மலைப்பாம்பு, ஆமை, மயில் என்று நம் ஊர் உயிர்களைப் பார்க்கலாம்.

சிங்கத்தையும் புலியையும் வைத்துக் காப்பாற்ற ஏராளமான இடமும் பணமும் வேண்டும். அதைப் பெரிய பூங்காக்கள் செய்யட்டும். சிறிய இடங்களுக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது. அடிபட்ட, அனாதையான, பிடிபட்ட நம் நாட்டுப் பிராணிகளுக்கு அடைக்கலம் கொடுப்பதே அந்த வேலை.

சுருக்கமாகச் சொன்னால், காட்சி சாலையாக இருப்பதைவிட ஆஸ்பத்திரியாக இருப்பது மேல்.

நோயாளிகள் யார்?

இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக்கு யார் யார் வருவார்கள்?

முதல் நோயாளி, பச்சைக்கிளி. நம் வீட்டுத் திண்ணையில் கூண்டில் தொங்குமே, அதே கிளிதான். அதை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். இது பலருக்குத் தெரியாது. பொந்தில் இருந்து குஞ்சாக எடுக்கும்போது பல குஞ்சுகள் செத்துப் போகின்றன. மிஞ்சியதுதான் கூண்டுக்கு வருகிறது. இறகை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்க மாதக்கணக்கில் ஆகும். பல வருடம் கூண்டில் இருந்த கிளிக்கு இறகு முளைத்தாலும், சிறகில் பலம் இருக்காது. பறக்க மறுபடியும் பழக வேண்டும்.

அடுத்தது, நட்சத்திர ஆமை. முதுகு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல் விரிந்து இருக்கும். காய்ந்த புல்லுக்குள் அது இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்த அழகே அதற்கு எமன். வெளிநாட்டில் வளர்ப்புப் பிராணியாக விற்பதற்காகப் பெட்டிக்குள் திணித்துக் கடத்துகிறார்கள். 2019-ல் உலக நாடுகள் கூடி, இதன் வியாபாரத்தை அடியோடு தடுக்கும் பட்டியலில் சேர்த்தன.

மூன்றாவது, மண்ணுளிப் பாம்பு. விஷம் இல்லாத சாது. வால் மழுங்கி, தலை போலவே இருக்கும். அதனால் "இருதலைப் பாம்பு" என்று பெயர். இதை வைத்து இருந்தால் பணம் கொட்டும் என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். கடைசியில் வாங்கியவனும் ஏமாறுகிறான். விற்றவனும் ஜெயிலுக்குப் போகிறான். பாம்பு சாகிறது. பணம் மட்டும் கொட்டுவது இல்லை!

நான்காவது, தேவாங்கு. கண்ணைப் பெரிதாக விழிக்கும் இரவுப் பிராணி. "தேவாங்கு மாதிரி முழிக்கிறான்" என்று திட்டுவோம். மந்திரம், மருந்து என்று சொல்லி இதையும் பிடித்தார்கள். இன்று இதற்காகவே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு ஒதுக்கப்பட்டு இருக்கிறது. 2022-ல் அறிவிக்கப்பட்ட அந்தக் கடவூர் சரணாலயம், தேவாங்குக்கு என்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம்.

இவை தவிர, மாஞ்சா நூலில் சிக்கிச் சிறகு அறுந்த பறவைகள். மின்சாரக் கம்பியில் அடிபட்ட மயில்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்த நரிகள். ராத்திரியில் லாரி விளக்கைப் பார்த்துத் திகைத்து நின்று, சக்கரத்தில் அடிபட்ட மரநாய்கள்.

இவற்றில் ஒன்றுகூட தானாக நோய்ப்பட்டு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றின் பின்னாலும் மனிதனின் கை இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

மீட்கப்பட்ட பிராணி வந்ததும், மற்ற பிராணிகளோடு சேர்க்க மாட்டார்கள். தனி இடத்தில் ஒரு மாதம் போல வைத்து இருப்பார்கள். தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாணம், ரத்தம் பரிசோதனை நடக்கும்.

மானாக இருந்தால் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். துரத்திப் பிடித்த மான், காயமே இல்லாமல்கூடச் செத்துவிடும். பயமும் ஓட்டமும் அதன் தசைகளையும் இருதயத்தையும் கெடுத்துவிடும். அதனால் மானைப் பிடித்ததும் கண்ணைத் துணியால் மூடுவார்கள். பேச்சு, கூச்சல் கூடாது. நாம் ஐம்பது பேர் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தால், அந்த மானுக்கு நாமே எமன்.

குஞ்சுகளை வளர்ப்பது இன்னொரு கலை. கையில் எடுத்துக் கொஞ்சி வளர்த்தால், அது மனிதனைத் தன் இனம் என்று நினைத்துவிடும். பிறகு காட்டில் விட்டாலும் ஊருக்குள் திரும்பி வரும். நாயிடம் மாட்டும். அதனால் முகத்தைக் காட்டாமல் உணவு கொடுப்பார்கள். பெயர் வைத்துக் கூப்பிட மாட்டார்கள். அன்பு இல்லாமல் அல்ல. அன்பு இருப்பதால்தான்!

குணம் ஆனதும் ஒரு பரீட்சை உண்டு. பறவை என்றால், நீண்ட கூண்டில் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் பறக்க வேண்டும். இரை தின்னும் பிராணி என்றால், தானே இரை பிடிக்க வேண்டும். ஆமை என்றால், நோய் இல்லை என்று தெரிய வேண்டும். எந்தப் பகுதியில் பிடித்ததோ, அந்தப் பகுதியிலேயே விட வேண்டும்.

பரீட்சையில் தேறினால் காடு. தேறாவிட்டால்? ஒற்றைச் சிறகு கழுகும், கண் போன நரியும் காட்டில் ஒரு வாரம் தாங்காது. அவற்றுக்குக் கடைசி வரை சோறு போடுவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

ஆகவே, அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் இது: கூண்டு இரண்டு வகை. ஒன்று, திறப்பதற்காகவே பூட்டியது. இன்னொன்று, மறந்துபோய்ப் பூட்டியது. முதல் வகை ஆஸ்பத்திரி. இரண்டாவது வகை ஜெயில்.

திறந்துவிட இடம் எங்கே?

கதவைத் திறந்தால் மட்டும் போதுமா? வெளியே காடு இருக்க வேண்டுமே!

ஓட்டப்பிடாரத்துக்காரர்கள் அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். தூத்துக்குடியில் இருந்து திருநெல்வேலி போகும் சாலையில் வல்லநாடு வரும். கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவனின் ஊர். பக்கத்தில் ஒரு தனி மலை. முள் மரமும் புதரும் நிறைந்த காய்ந்த மலை. பஸ்ஸில் போகிறவர்கள் அதை மொட்டை மலை என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

அங்கேதான் வெளிமான்கள் இருக்கின்றன! 1987-ல் 16.41 சதுர கிலோமீட்டர் இடம், வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான்.

ஆண் வெளிமானின் முதுகு கறுப்பு. வயிறு வெள்ளை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கொம்பு, திருகாணி போல் முறுக்கி நீண்டு இருக்கும். புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானின் கொம்பு விழாது. ஓடத் தொடங்கினால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் போகும். அந்த ஓட்டத்துக்கு எத்தனை ஏக்கர் கூண்டு கட்ட முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

சிறந்த மிருகக்காட்சி சாலைகூட, வல்லநாட்டு மலைக்கு ஈடு ஆகாது. ஆனால் இந்த மலையையும் ஒரு கூண்டு சூழ்ந்து இருக்கிறது. சுற்றிலும் சாலை, வயல், வீடு, நாய். மான் இந்த வேலியைத் தாண்டினால் ஆபத்து. அப்படி அடிபட்டு வரும் மானுக்கு வைத்தியம் செய்து, மறுபடியும் மலையில் விட ஆள் வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியும் வேண்டும். காடும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

கடல் கற்றுத்தந்த பாடம்

சில உயிர்களுக்கு எந்தக் கூண்டும் பயன்படாது. இதைத் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை மக்கள் கண்ணால் பார்த்து இருக்கிறார்கள்.

2016 ஜனவரி 11-ந் தேதி. மணப்பாடு, குலசேகரன்பட்டினம் கரையில் திமிங்கிலங்கள் ஒதுங்கின. ஒன்று, இரண்டு அல்ல. எண்பதுக்கும் மேல்!

மீனவர்கள் ஓடிவந்தார்கள். ராத்திரியில், அலையில் இறங்கித் தள்ளினார்கள். படகில் கட்டி இழுத்து ஆழ்கடலில் விட்டார்கள். வனத்துறை ஊழியர்களும் இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். பல திமிங்கிலங்கள் விட்ட வேகத்தில் கரைக்கே திரும்பின. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. கரையில் கிடந்த உறவுகளை விட்டுப் போக அவற்றுக்கு மனம் இல்லையோ, என்னவோ! பல செத்துப்போயின. சில பிழைத்தன.

இதே கடற்கரை 1973-லும் ஒரு கூட்டச் சாவைப் பார்த்து இருக்கிறது. அப்போது ஒதுங்கியவை 147 திமிங்கிலங்கள்.

காப்பாற்றப் போகிறவர்கள் எப்போதும் ஜெயிப்பது இல்லை. மணப்பாட்டு மீனவர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் தண்ணீரில் இறங்கினார்கள். அதுதான் பெரிய விஷயம்.

உங்கள் வாசலில் ஒரு உயிர் வந்தால்...

காட்டு உயிர் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், காயம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். துணி போட்டு மூடி, காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில், இருட்டில் வையுங்கள். இருட்டு அதன் பயத்தைத் தணிக்கும்.

பால் ஊற்றாதீர்கள். அணில் குஞ்சுக்குப் பசும்பால் கொடுப்பது நம் வழக்கம். அது வயிற்றுப்போக்கில் செத்துப்போகும். பறவையின் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் போய்விடும்.

குரங்கு, நரி, கீரி கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "சின்னக் கடிதானே" என்று சும்மா இருந்தால் உயிருக்கு ஆபத்து.

பாம்பு என்றால் கிட்டே போகாதீர்கள். அடிக்கவும் வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கோ, வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

"நானே வளர்த்துக்கொள்கிறேன்" என்று நினைக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட காட்டு உயிர் எந்த வழியில் கைக்கு வந்தாலும், 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ, வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது. உங்கள் வீட்டில் பச்சைக்கிளி இருந்தால் நீங்களாகவே திறந்துவிடாதீர்கள். பறக்க மறந்த கிளி காக்கைக்கு இரையாகிவிடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மிருகக்காட்சி சாலைக்குக் குழந்தைகளை அழைத்துப் போனால், நிலக்கடலையை வீசாதீர்கள். கம்பியைத் தட்டாதீர்கள். "இது இங்கே எப்படி வந்தது?" என்று காவலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு கதை இருக்கும்.

ஆந்தைக் குஞ்சு என்ன ஆயிற்று?

டீக்கடைக்காரர் வனத்துறைக்குப் போன் செய்தார். பேசிய ஊழியர் கேட்ட முதல் கேள்வி: "காயம் இருக்கா?"

பார்த்தோம். இல்லை.

"எந்த மரத்துக்கு அடியில கெடந்துச்சு? அந்த மரத்துல பொந்து இருக்கா?"

இருந்தது.

"அப்பம் எங்கயும் கொண்டு போக வேண்டாம். சாயங்காலம் அதே பொந்துல வச்சுட்டு, தள்ளிப் போயி நில்லுங்க. தாய் வந்துரும்."

"மனுசன் கை பட்டா தாய் சேத்துக்கிடாதுன்னு சொல்லுவாங்களே?" என்றார், டீக்கடைக்காரர்.

"அது சும்மா கதை, அண்ணாச்சி. குஞ்சை எந்தத் தாய் வேண்டாம்னு சொல்லும்?"

ஏணி கொண்டுவந்தார்கள். "வீட்டுக்கு ஆவாது" என்று சொன்ன அதே பெரியவர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் ஏறி, துணியோடு குஞ்சைப் பொந்தில் வைத்தார். நாங்கள் எல்லோரும் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம்.

இந்தச் சின்ன ஆந்தை, பயிரைத் தின்னும் வெட்டுக்கிளியையும் வண்டையும் எலியையும் பிடித்துத் தின்னும். விவசாயிக்குக் கூலி கேட்காத காவல்காரன். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா சங்கதி?" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

இருட்டத் தொடங்கியது. "கிர்... கிர்..." என்று ஒரு சத்தம். மரத்தில் இருந்து சின்னதாக ஒரு பதில் சத்தம். ஒரு நிழல் பறந்து வந்து பொந்தின் வாயில் உட்கார்ந்தது. அதன் அலகில் ஏதோ ஒரு பூச்சி இருந்தது.

பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். "பாத்தீகளா? வந்துருச்சு!" என்று மெல்லச் சொன்னான். சத்தம் போட்டுப் பேசினால் அது போய்விடுமோ என்று அவனுக்குப் பயம்.

அவன் கையில் இருந்த ஓலைப்பெட்டி காலியாக இருந்தது. அதன் மூடி திறந்தே கிடந்தது.